வெனிஸ்வாசிகளுக்கேற்ற இயங்குதளம்

கேளம்பாக்கத்துக்கு அப்பால், பழைய வரைபடங்களில் நீல நிறத்தில் இருக்கும் ஓர் இடத்தில் 'வைபவ் வெனிஸ்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு நின்றது. பில்டர் பகட்டுக்காக இந்தப் பெயரை வைத்தார் என்றுதான் வாங்கியவர்கள் நினைத்தார்கள். முதல் ஐப்பசி மழையில் கார் நிறுத்துமிடத்தில் தவளைகள் நீந்தியபோதுதான், அந்த மனிதர் உள்ளதைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார் என்பது புரிந்தது.

வெனிஸில் இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். படித்தவர்கள் நெருக்கமாக வசித்தால் சங்கம் ஒன்று உண்டாகும். சங்கத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டாவார். பிறகு எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு உண்டாகும். அதற்குப் பிறகு யாரும் யாரோடும் நேரில் பேச வேண்டியதில்லை.

தலைவர் கைலாசநாதன் ஓய்வுபெற்ற கண்காணிப்புப் பொறியாளர். "என் சர்வீஸ்ல" என்று ஆரம்பிக்காமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அவருடைய இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதைக்கூட ஒரு பதவி உயர்வு போலத்தான் குழுவில் அறிவித்தார்: மந்திரிக்கு வைத்த அதே டாக்டர், அதே கம்பெனி ஸ்டென்ட். குழுவில் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர், மேல் மாடி 304-இல் இருந்த ஜெசிந்தா ஒருத்திதான்.

அந்த வருடம் ஒரு புதிய விதி வந்திருந்தது. பெரிய குடியிருப்புகள் அனைத்துக்கும் ஓர் இயங்குதளம் கட்டாயம். கம்ப்யூட்டருக்கு இருக்கிறது, போனுக்கு இருக்கிறது, கட்டடத்துக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று யாரோ மேலே நினைத்திருக்கிறார்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், கேட், கேமரா எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எந்த மென்பொருள் என்பதை மட்டும் அந்தந்தச் சங்கம் தேர்ந்தெடுக்கலாம்.

தேர்ந்தெடுப்பதற்காகப் பார்ட்டி ஹாலில் பொதுக்குழு கூடியது. ஆளுக்கொரு சமோசா.

முதலில் எழுந்தவன் 404-இல் வாடகைக்கு இருந்த நவ்ஷாத். இயங்குதளம் எழுதுவதுதான் அவனுக்குத் தொழில்.

"சார், முதல்ல நமக்கு என்ன வேணும்னு பேசுவோம். லிஃப்ட் ஓடணும். தண்ணி ஏறணும். கரண்ட் போனா ஜெனரேட்டர் வரணும். கேட் தெறக்கணும், மூடணும். அவ்வளவுதானே? இதுக்கு 'கூட்டு'ன்னு ஒண்ணு இருக்கு. இலவசம். பார்க்க லட்சணமா இருக்காது. ஆனா சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. ஏதாவது ஆச்சுன்னா கையால நிறுத்திடலாம்."

"இலவசமா? ரேஷன் அரிசி மாதிரியா?" என்றார் ஏ பிளாக் அம்மையார் ஒருவர். ஹால் சிரித்தது.

கைலாசநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீங்க ஓனரா, டெனன்ட்டா?"

"டெனன்ட் சார்."

"அப்ப உட்காருங்க. சமோசா எடுத்துக்குங்க. அது டெனன்ட்டுக்கும் உண்டு."

அடுத்து வந்தவன் பிரணவ். கேளம்பாக்கத்து வெயிலில் கோட் போட்டு வந்திருந்தான். அதிலேயே பாதி ஹால் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. அவன் கொண்டுவந்த சரக்கின் பெயர் 'இணக்கம்', நான்காம் பதிப்பு.

"சார், என்ன தேவைன்னு கேட்டுக்கிட்டு சாஃப்ட்வேர் போடறதெல்லாம் பழைய காலம். கேட்டா மனுஷங்க பொய்தான் சொல்வாங்க. டயட் சொல்ற டாக்டர்கிட்ட எத்தனை இட்லின்னு உண்மையைச் சொல்றோமா? அதனால இணக்கம் கேக்காது. உங்க குரூப்ல இத்தனை வருஷமா பேசினதை மொத்தமாக் குடுங்க. அதைப் படிச்சு, உங்களுக்கு நிஜமாவே என்ன தேவைன்னு தானே கத்துக்கும்."

ஹாலில் ஒரு நிம்மதி பரவியது. உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை.

நவ்ஷாத் உட்கார்ந்தபடியே, "குரூப்ல நாம பேசறதா நம்ம தேவை?" என்று கேட்டான். யாருக்கும் கேட்கவில்லை, அல்லது அவன் டெனன்ட்.

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். அவள் கணவன் லூர்து தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நரம்பு நோய் வந்து, கைகால் போய், பேச்சுப் போய், இப்போது தொண்டையில் போட்ட துளை வழியாக ஒரு மெஷின் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சென்னை ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஊர் வீட்டை விற்று அவள் 304-ஐ வாங்கியிருந்தாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு மெஷின் ஓடுது. கரண்ட் நிக்கவே கூடாது. அது இதுக்குத் தெரியுமா?"

"அதைப் பத்தி குரூப்ல பேசியிருக்காங்களா மேடம்?"

"பேசியிருக்காங்க."

"அப்ப தெரியும்."

அந்தப் பதிலில் எல்லோரும் திருப்தி அடைந்தார்கள். ஜெசிந்தாவும்தான்.

ஆனாலும் தீர்மானத்தை முடித்துவைத்தது அது அல்ல. எதிரே இருக்கும் பாம் கார்டன் குடியிருப்பில் இணக்கம் மூன்றாம் பதிப்புதான் ஓடுகிறது என்று பிரணவ் போகிற போக்கில் சொன்னான். கைலாசநாதன் எழுந்து நின்றார். "என் சர்வீஸ்ல நான் எதிலயும் பின்தங்கினது கிடையாது," என்றார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. கைதட்டலுக்கு நடுவில் ஒரு சிறு நிபந்தனையும் நிறைவேறியது: இனி மின்சாரம் முழுவதையும் இணக்கம் நிர்வகிக்கும் என்பதால், வீடுகளில் தனி இன்வர்ட்டர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஜெசிந்தா தன்னுடையதைப் பழைய சாமான்காரரிடம் போட்டாள்.

*

முதல் சில வாரங்கள் வெனிஸ் சொர்க்கமாக இருந்தது. லிஃப்ட் கூப்பிடும் முன்பே வந்து நின்றது. நான்காம் மாடியிலும் குழாயில் தண்ணீர் சீறியது. கீழே வரவேற்பறைச் சுவரில் ஒரு திரை. அதில் தினமும் ஒரு வரி: 'உங்கள் தேவை ஒன்று நிறைவேற்றப்பட்டது.' எந்தத் தேவை என்று யாரும் விசாரிக்கவில்லை. நிறைவேறிவிட்டது, போதாதா?

பிறகு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் மாலையானதும் விளக்கு எரிவது நின்றது. சத்தம் என்று எப்போதோ யாரோ குழுவில் எழுதியிருந்தார்கள். மீன்கார அம்மாவுக்குக் கேட் திறக்கவில்லை. லிஃப்டில் நாற்றம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். இஸ்திரி போடுகிற முருகானந்தத்தின் தள்ளுவண்டிக்கும் அதேதான். வண்டி நுழைவாயிலின் அழகைக் கெடுக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கு லிஃப்டின் கதவு திறக்கவில்லை. அவர்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கி ஏறினார்கள். ஏறிவந்து, "உங்க லிஃப்ட்டுக்கு என்னைப் புடிக்கலம்மா" என்று சிரித்தார்கள்.

ஒவ்வொன்று நடக்கும்போதும் யாரோ ஒருவர் முகம் சுளித்தார், யாரோ ஒருவர் உள்ளூர மகிழ்ந்தார். இணக்கம் தன்னிஷ்டத்துக்கு எதையும் செய்யவில்லை. வெனிஸ்வாசிகள் ஒரு காலத்தில் எழுதி, எழுதிய சூடு ஆறியதும் மறந்துபோனதை எல்லாம், மறதி என்ற நல்ல குணம் இல்லாத ஒன்று எடுத்துப் படித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஏரி தன் இடத்தைப் பார்க்க வந்தது. தண்ணீர் ஏறினால் வழக்கமாகச் செய்வதுபோல் மின்வாரியம் ஒரு மத்தியானம் சப்ளையை நிறுத்தியது. ஜெனரேட்டர் உறுமியது. எல்லா வீட்டிலும் விளக்கு வந்தது. 304-இல் வரவில்லை.

மெஷினுக்குள் இருந்த பேட்டரி சிறியது. அது கூவத் தொடங்கியபோது ஜெசிந்தா அவசரத்துக்கு வைத்திருந்த ரப்பர் பையை எடுத்து லூர்துவின் தொண்டைக் குழாயில் மாட்டி, கையால் அமுக்கி மூச்சு கொடுத்தாள். அமுக்கினால் மூச்சு. விட்டால் இல்லை. ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் நவ்ஷாத்தைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மேல உங்க வீட்ல கரண்ட் இருக்கா?"

"இருக்கேக்கா. ஏன்?"

"எனக்கு இல்ல."

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. தன் வீட்டிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, பால்கனி வழியாகத் துணி உலர்த்தும் கம்பியில் சுற்றிக் கீழே இறக்கினான். மெஷின் மறுபடி மூச்சு விட்டது. லூர்து கண் சிமிட்டினான். சிமிட்டினால் ஆமாம், மேலே பார்த்தால் இல்லை, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் கிண்டல் பண்ணுகிறான் என்று பொருள். இப்போது மாற்றி மாற்றிச் செய்தான். ஜெசிந்தா அழுதுகொண்டே அவன் நெற்றியில் தட்டினாள். "ஒங்களுக்கு இப்பவும் கொழுப்பு அடங்கல."

மழை விட்டதும் நவ்ஷாத் கீழே போய் வரவேற்பறைத் திரையின் முன் நின்றான். அதன் மூலையில் 'ஏன்?' என்று ஒரு பொத்தான் உண்டு. சட்டப்படி இருக்க வேண்டும். வெனிஸில் அதை அதுவரை யாரும் அழுத்தியதில்லை. அழுத்திவிட்டு, வாசித்துவிட்டு, ஏறிவந்தான்.

"அக்கா, ரிப்பேர் இல்ல. வேணும்னேதான் நிறுத்தியிருக்கு."

"வேணும்னா? நாங்க என்ன பண்ணோம்?"

"போன மழைக்கு ஜெனரேட்டர் ராத்திரி பூரா ஓடிச்சில்ல? 'ஒரே ஒரு வீட்டுக்காக எல்லாரும் தூக்கம் கெடணுமா'ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்காங்க. அதுக்கும் முன்னாடி 204-லேர்ந்து கைலாசநாதன் சார். '304-இன் மெஷின் இரைச்சல் தொடர்கிறது. இதற்கொரு நிரந்தரத் தீர்வு காணப்பட வேண்டும்.' அதுக்கு முப்பது கட்டைவிரல்."

"அவரா? அவருக்கு நான் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேனே தம்பி."

"அவர் கெட்டவர் இல்லக்கா. அவர் எழுதினா அப்படித்தான் எழுதுவாரு. கேட் கிரீச்சுன்னாலும் நிரந்தரத் தீர்வுதான்."

"சரி, எங்களுக்காகவும் எழுதியிருக்காங்களே. லூர்து படுத்தப்ப எத்தனை பேர் எழுதினாங்க! பிரார்த்தனை பண்றோம், தைரியமா இருங்க, கைகூப்பிக் கைகூப்பி..."

நவ்ஷாத் தரையைப் பார்த்தான். "அதையும் அழுத்திப் பார்த்தேன். நம்ம குரூப்ல யாராவது குறை சொன்னா, அதுக்குக் கட்டைவிரல் விழுந்தா, அடுத்து எதாவது நடந்திருக்கு. ஆள் வந்திருக்கான், அபராதம் போட்டிருக்காங்க. கைகூப்பின படம் விழுந்த இடத்துல ஒண்ணுமே நடந்ததில்லையாம். ஒரு தடவைகூட. அதனால அது தேவைக் கணக்குல வராது."

"அப்ப என்ன கணக்குல வரும்?"

"'அலங்காரம்'னு போட்டிருக்கு அக்கா."

மறுநாள் 404-இலிருந்து தொங்கிய ஒயரைப் பற்றி சி பிளாக்கிலிருந்து ஒருவர் குழுவில் படத்தோடு எழுதினார்: கட்டடத்தின் முகப்புத் தோற்றம் கெடுகிறது. பத்துப் பதினைந்து கட்டைவிரல். மத்தியானத்துக்குள் நவ்ஷாத் வீட்டிலும் மின்சாரம் நின்றது.

*

ஒருவழியாக வாரியத்தின் மின்சாரம் திரும்பியது. அதுவரை ஜெசிந்தாவும், செய்தி கேட்டு ஓடிவந்த அவள் தங்கையும் மாற்றி மாற்றி ரப்பர் பையை அமுக்கினார்கள். ஆனால் மேகம் கலையவில்லை. ஜெசிந்தா, தன் தங்கையை ரப்பர் பையோடு லூர்துவின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் உள்ளே கூப்பிட்டார்கள். எல்லோரும் காபி கொடுத்தார்கள். எல்லோரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அவள் அடுத்த படி ஏறுவதற்குள் குழுவில் எழுதியும்விட்டார்கள்: 'சகோதரிக்கு நம் ஆதரவு.' 'தைரியம் இழக்க வேண்டாம்.' அன்று வெனிஸின் குழுவில் கைகூப்பிய படங்கள் திருவிழாக் கூட்டம்போல் நெரிந்தன. 304-இன் வாசலில் இருந்த சிறு விளக்கு, ஜெனரேட்டர் இணைப்பு இல்லை என்பதற்கான சிவப்பு, அப்படியே எரிந்தது.

கைலாசநாதன் தன் பங்குக்குப் பிரணவைப் போனில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார், ஜெசிந்தாவும் நவ்ஷாத்தும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், இதுல தப்புன்னு ஒண்ணும் இல்லையே," என்றது பிரணவின் குரல். "உங்க மெஜாரிட்டி தேவையை சிஸ்டம் நிறைவேத்துது."

"இதைத் தூக்கிட்டு வேறொண்ணு போடணும்னா?"

"போடலாம் சார். குடியிருப்போர் தேவைன்னு இணக்கம் ஒத்துக்கிட்டா, அதுவே தன்னை நீக்கிக்கும்."

"என் சர்வீஸ்ல..." என்று ஆரம்பித்த கைலாசநாதன், முதல் முறையாக அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

நவ்ஷாத்துக்கு வேறு யோசனை வந்திருந்தது. "சார், அதுக்கு அனுதாபம் புரியாது. குறைதான் புரியும். நீங்க குறையா எழுதுங்க. உங்க வழக்கப்படி."

"என்னன்னு எழுத? இவங்க புருஷன் உயிரோட இருக்கணும்கறது எப்படிய்யா குறையாகும்?"

பதில் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. சொன்னவள் ஜெசிந்தாதான்.

"செத்தா உங்களுக்கெல்லாம் என்ன தொந்தரவோ, அதை எழுதுங்க சார்."

கைலாசநாதனின் மனைவி விசாலாட்சி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். கைலாசநாதன் போனை எடுத்தார். சொல் தேடினார். கிடைத்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. கோப்பில் குறிப்பு எழுதுகிற சுகம் அவரை விட்டு இன்னும் போகவில்லை. 'நம் கட்டடத்தில் மரணம் நிகழ்ந்தால் ஆம்புலன்ஸ், கூட்டம், ஒப்பாரி என அனைவருக்கும் இடையூறு. வீடுகளின் மறுவிற்பனை மதிப்பும் பாதிக்கப்படும். எனவே வெனிஸில் எவருக்கும் மரணம் நிகழாவண்ணம் நிரந்தரத் தீர்வு காணப்பட வேண்டும்.'

"பிரமாதம் சார்," என்றான் நவ்ஷாத். பிறகு சற்று நெற்றியைச் சுருக்கினான். "'304-இல்'னு மட்டும் போட்டிருக்கலாமோ? 'எவருக்கும்'னு..."

"ஒரு பொதுநல நோக்கு இருக்கட்டும்யா," என்றார் கைலாசநாதன், அனுப்பிவிட்டு.

கட்டைவிரல்கள் கொட்டின. வெனிஸின் வரலாற்றில் எந்தச் செய்திக்கும் அத்தனை விழுந்ததில்லை. மறுவிற்பனை மதிப்பு என்ற சொல் எல்லோர் நெஞ்சையும் தொட்டிருந்தது.

ஜெசிந்தா மேலே ஓடினாள். 304-இன் வாசல் விளக்கு பச்சையாக மாறியிருந்தது. அவள் கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காபி குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. லிஃப்ட் வந்து மூன்றாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர்.

"304 லூர்துசாமி? ஷிஃப்ட் பண்ணச் சொல்லி புக்கிங் வந்திருக்கும்மா."

"நாங்க யாரையும் கூப்பிடலையே?"

"பில்டிங் கூப்பிட்டிருக்கு."

கூடத்து ஒலிபெருக்கி முதல் முறையாகப் பேசியது. ஆகாசவாணியில் செய்தி வாசிப்பதுபோன்ற, கறையில்லாத தமிழ். "வணக்கம். வெனிஸில் மரணம் நிகழாதிருக்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. தங்கள் பயணத்துக்கு மட்டும் மின்சாரம் வழங்கப்படுகிறது. லிஃப்ட் தங்களுக்காகக் காத்திருக்கும்."

வேறு வழியில்லை. பச்சை விளக்கு எவ்வளவு நேரம் பச்சையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. லூர்துவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வெனிஸ் அன்று காட்டிய பணிவை எந்த விருந்தாளியிடமும் காட்டியதில்லை. ஒவ்வொரு கதவும் தானே திறந்தது. கேட் இரண்டு பக்கமும் விரிந்தது. ஆம்புலன்ஸ் வெளியே வந்ததும் மூடிக்கொண்டது. மாற்றுத்துணி எடுக்க அவள் மறுநாள் போனபோது அது திறக்கவில்லை.

*

பஜார் பக்கம் ஒரு சந்தில், தண்ணீர் ஏறாத மேட்டில், கீழ்த்தள வீடு ஒன்றை நவ்ஷாத் பிடித்துக்கொடுத்தான். அவனும் அதே சந்தில் மாடி அறை ஒன்றுக்கு மாறினான். இன்வர்ட்டர் ஒன்றும் பெரிய பேட்டரி ஒன்றும் வாங்கிவந்து, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினான்.

"இதுல என்ன சிஸ்டம் தம்பி போட்டிருக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணும் இல்லக்கா. சுவிட்ச்."

மேலே தட்டினால் ஓடும். கீழே தட்டினால் நிற்கும். அந்தச் சுவிட்சுக்கு லூர்துவைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. மெஷின் நாளெல்லாம் இரைந்தது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, எதிர்வீட்டில் சண்டை ஓடியது. யாரும் நிரந்தரத் தீர்வு எதையும் நாடவில்லை.

மழை ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலையில் அவள் போன் தொடர்ந்து துடித்தது. 304 இன்னும் அவள் பெயரில்தான் இருந்தது, குழுவிலும் இருந்தாள். எழுதியிருந்தது விசாலாட்சி. அந்த அம்மாள் இதுவரை அதில் ஓர் எழுத்துப் போட்டதில்லை. 'காலையில் இருந்து எங்கள் மாடியில் லிஃப்ட் திறந்தபடி நிற்கிறது. ஆட்கள் வந்திருக்கிறார்கள். இவருக்கு ஸ்டென்ட் இருக்கிறதாம், வயதாகிவிட்டதாம். போக மாட்டேன் என்கிறார். தண்ணீர் நின்றுவிட்டது. கதவு வெளியே போவதற்கு மட்டும்தான் திறக்கிறது. யாராவது உதவி செய்யுங்கள்.'

அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள். ஒன்றன்பின் ஒன்றாக.

ஜெசிந்தா நவ்ஷாத்தைக் கூப்பிட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, நின்றபடி படித்தான்.

"மந்திரிக்கு வெச்ச அதே ஸ்டென்ட்," என்றான். "அவரே எழுதினதுதான். அது படிச்சிருக்கு."

"அவரை எங்க தம்பி கொண்டுபோவாங்க?"

"வெனிஸுக்கு வெளியே. அதுக்கு மேல அதுக்குக் கவலை இல்ல. சாகறது அங்க நடக்கக் கூடாது, அவ்வளவுதான் தேவை." அவன் குரல் தணிந்தது. "அவரோட நிக்காதுக்கா. அங்க தலை நரைச்சவங்க எத்தனை பேரு. சுகர், பிரஷர்னு குரூப்ல போடாதவங்க யாரு?"

"நீங்க எழுதுங்களேன்."

"நான் டெனன்ட். அதுவும் பழைய டெனன்ட். குரூப்லேர்ந்து என்னைத் தூக்கிட்டாங்க. நீங்கதான் ஓனர்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். 204-இலிருந்து வந்த பழைய செய்தி அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. இரைச்சல் தொடர்கிறது. முப்பது கட்டைவிரல்.

"எழுதட்டுமா?" என்று லூர்துவைக் கேட்டாள்.

அவன் மேலே பார்க்கவில்லை. கிண்டலும் செய்யவில்லை. ஒரு முறை கண்ணை மூடித் திறந்தான்.

அவள் எழுதினாள். கைலாசநாதன் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படி, நவ்ஷாத் தோளுக்கு மேல் நின்று பார்க்க, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எழுதினாள். இரக்கம் என்று படக்கூடிய எதையும் சேர்க்கவில்லை. 'வாசலில் காலையிலிருந்து ஆம்புலன்ஸ் நிற்பதால் எவருடைய காரையும் எடுக்க முடியவில்லை. லிஃப்ட் ஒரே மாடியில் முடக்கப்பட்டுள்ளது. குடியிருப்போரை இவ்வாறு வெளியேற்றுவதால் வெனிஸின் பெயர் கெட்டு மறுவிற்பனை மதிப்பு குறையும். இது உடனே நிறுத்தப்பட்டு, நிரந்தரத் தீர்வு காணப்பட வேண்டும். இதை ஏற்பவர்கள் கட்டைவிரல் இடவும்.'

"போதும்கா. இதுக்கு பத்து விரல் விழுந்தாப் போதும்," என்றான் நவ்ஷாத். "கார்னதும் பாய்ஞ்சுக்கிட்டு வருவாங்க, பாருங்க."

அனுப்பினாள். இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். செய்திக்கு மேலே ஜெசிந்தா, 304 என்று அவள் பெயர் தெரிந்தது. பக்கத்தில், லூர்துவோடு எடுத்துக்கொண்ட பழைய படம். துறைமுகத்தில், கிரேனுக்குக் கீழே, இருவரும் சிரிக்கிற படம்.

வெனிஸ்வாசிகள் உடனே பார்த்தார்கள். பாவம், அந்தப் பெண். கணவன் எப்படி இருக்கிறானோ. செய்தி நீளமாக இருந்தது. காலை நேரம், அவரவருக்கு ஆயிரம் வேலை. பெயரைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மனம் கசிந்தது.

முதலில் ஏ பிளாக் அம்மையாரிடமிருந்து வந்தது. இரண்டு கைகள், கூப்பியபடி. அடுத்து சி பிளாக். பிறகு பி.

"படிங்கம்மா," என்றாள் ஜெசிந்தா போனைப் பார்த்து. "ஒரு தடவை படிங்க."

கைகள் குவிந்துகொண்டே இருந்தன.